பதினெட்டு ஆனால் அவரவர் பாடு

கல்லூரியில் என் வாய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. பிடிக்காதவர்கள் அதைவிட அதிகம். நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வேலை நிரந்தரமானதும் வாய் திறந்துகொண்டது. ஆசிரியர் அறையில் சாப்பாட்டு நேரத்தில் நான் ஓயாமல் சொல்லிவந்தது இரண்டே விஷயம். இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தப் படிப்பு வேண்டியதில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் அனுப்பிவைக்கிறார்கள் என்பது ஒன்று. பதினெட்டு வயது ஆனவர்களுக்காக அப்பாவும் அம்மாவும் வந்து நம்மிடம் பேசக்கூடாது, பரீட்சையில் தோற்றாலும் வகுப்புக்கு மட்டம் போட்டாலும் அது அவரவர் பாடு என்பது இன்னொன்று.

“மேடம், அந்தப் பாதிப் பேரு வரலன்னா நமக்கு வேலை ஏது?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் சொல்வதை நான் நிறுத்தவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் இது பெரிதாகிவிட்டது. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தாடி வைத்த மகனை என் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

“டீச்சர், இவன உங்க கையில ஒப்படைச்சுட்டேன். அடிச்சாவது படிக்க வைங்க.”

மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சுருக்கென்றது.

“அண்ணே, உங்க மகன் ஓட்டுப் போடுற ஆளு. அவர அடிக்க எனக்கும் உரிமையில்ல, உங்களுக்கும் இல்ல. படிக்கணும்னு தோணுச்சுன்னா படிக்கட்டும். இல்லையா, வேற வேலையப் பாக்கட்டும். என்னா செய்யப்போறன்னு அவர்கிட்டயே கேளுங்க.”

“கேட்டா ஒழுங்காப் பதில் சொல்ற பிள்ளையா இருந்தா நான் ஏன் டீச்சர் வேலையப் போட்டுட்டு இங்க வாரேன்?” என்றார் அவர். குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. நேராக முதல்வர் அறைக்குப் போய்விட்டார்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். அத காலேஜுக்குள்ள வச்சு சொல்லாதீங்க” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதையெல்லாம் நடித்தே காட்டினேன். எங்கள் வீடு திருநகரில். என் கணவருக்குத் திருமங்கலத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை. அவர் தோசையை விட்டுவிட்டுச் சிரித்தார். எங்கள் ஒரே மகள், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மே மாதம் பரீட்சை முடிவு வந்தது. பள்ளியிலேயே மூன்றாவதாக வந்திருந்தாள். இவர் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர்களின் தொலைபேசி ஓயவில்லை. எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று நானும் என் அண்ணனும் போனிலேயே பேசி முடிவே செய்துவிட்டோம். நான் பேச்சை முடித்துவிட்டு உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்.

“அம்மா, நான் ஐ.டி.ஐ.ல சேரப்போறேன்.”

“எதுல?”

“ஐ.டி.ஐ. ஏசி மெக்கானிக் படிப்பு. ரெண்டு வருசம்.”

“விளையாடாத.”

“விளையாடல. எடம் இருக்கான்னு விசாரிச்சுட்டேன்.”

“முடியாது” என்றேன். யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது, தும்மல் மாதிரி வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது என் குரல் என்று எனக்கே உறைத்தது.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. நீதானே ஊருக்கெல்லாம் சொல்வாய் என்று குத்திக்காட்டவும் இல்லை. அதைச் செய்தது இவர்தான். வாயில் லட்டோடு, “டீச்சரம்மா, ஒங்க பேச்சக் கேக்கவும் ஒரு ஆளு கெடச்சிருச்சு” என்றார். அவருக்கு அது சிரிப்பாக இருந்தது. மோட்டாரும் வயரும் அவருக்குப் பழகின சாமான்கள். மகள் ஸ்பானர் பிடிப்பதில் அவருக்கு என்ன சங்கடம்? எனக்குத்தான் என்ன சங்கடம் என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் லட்டு டப்பாவை மூடி உள்ளே எடுத்துவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் மதினியும் உசிலம்பட்டியிலிருந்து வந்துவிட்டார்கள். அண்ணன் எங்கள் குடும்பத்தில் நிலம் நீச்சு பார்ப்பவர். என்னைப் படிக்க அனுப்பியே ஆகவேண்டும் என்று அந்தக் காலத்தில் அப்பாவிடம் சண்டை போட்டவரும் அவர்தான்.

“ஏத்தா, என்னா நடக்குது இங்க?” என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். “இம்புட்டு மார்க் வாங்குன பிள்ள, ஏணியத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போகுமா?”

“ஏண்ணே, போனா என்ன?” என்றேன்.

அதைச் சொன்னது நான்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை. மறுபடியும் என் பழைய வாய் திறந்துகொண்டது. பட்டம் வாங்கிவிட்டு மாட்டுத்தாவணியில் செல்போன் கடையில் நிற்கும் என் பழைய மாணவர்களைப் பற்றிச் சொன்னேன். கைத்தொழில் தெரிந்தவனை நாம் வாசலோடு நிறுத்திப் பேசுகிறோம், அவன் இல்லாவிட்டால் ஒருநாள்கூடத் தூங்க மாட்டோம் என்றேன். பெண் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கத் தெரியும் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். மதினி மட்டும் மெதுவாக, “எல்லாம் சரித்தா. நாளைக்கு மாப்ள வீட்ல என்ன படிச்சிருக்குன்னு கேட்டா என்னா சொல்றது?” என்றார். அதற்கும் சூடாக ஏதோ சொன்னேன். அண்ணன் காபியைக் குடித்துவிட்டு, “நீ படிச்சவ, என்னமோ பண்ணு” என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு அடுப்படியில் மகள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பி.காம்ல சேந்துக்க. சாயங்காலம் வேணும்னா அப்பா கடையில உக்காந்து மோட்டாரக் கழட்டு, மாட்டு. யாரு வேண்டாங்குறா?”

அவள் குழாயை அடைத்தாள். “ஹால்ல ஒண்ணு பேசுற. அடுப்படில ஒண்ணு பேசுற. நான் எதம்மா எடுத்துக்கிறது?”

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஹாலில் பேசியதும் பொய் இல்லை, அடுப்படியில் பேசியதும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து எப்படி வந்தன என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அவள் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் பெண் பிள்ளைகள் அவளோடு சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். நீலச் சட்டையும் கறுப்பு ஷூவும் போட்டுக்கொண்டு காலையில் என்னோடு ஸ்கூட்டரில் பழங்காநத்தம் வரைக்கும் வருவாள், அங்கே இறங்கி பஸ் பிடிப்பாள். ஒருநாள் செம்புக் குழாயை ஊதிப் பற்றவைக்கும்போது முழங்கைக்குக் கீழே சுட்டுக்கொண்டு வந்தாள். நான் மருந்து போட்டுக்கொண்டே அழுதேன். “சாம்பார் கொட்டி ஒனக்கும்தான் சுட்டுச்சு, அப்ப நான் அழுதேனா?” என்றாள்.

அந்த இரண்டு வருடத்தில் கல்லூரியில் என் பேச்சு குறைந்துபோனது. யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பாதிப் பேருக்குப் படிப்பு வேண்டாம் என்று ஆரம்பிப்பேன். அந்தப் பாதியில் என் மகள் வருவாளா மாட்டாளா என்று யோசனை குறுக்கே வந்துவிடும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைப் பார்த்தால், இவன் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும். உடனே, எதற்காக உட்காரவேண்டும் என்றும் தோன்றும். புதிதாக வந்த ஓர் ஆசிரியை, “உங்க பொண்ணு என்ன மேடம் பண்ணுது?” என்று கேட்டபோது, “டெக்னிக்கல் சைடு” என்றேன். பொய் இல்லைதான். “ஓ, இன்ஜினியரிங்கா?” என்றார் அவர். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. நான் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன்.

படிப்பு முடிந்ததும் ஏசி விற்கும் ஒரு கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீடுகளுக்குப் போய் ஏசி மாட்டுவது, கழற்றுவது, கேஸ் ஏற்றுவது. கூட மூத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வருவார். அவருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தால் இவள் தனியாகவே பார்ப்பாள். சம்பளம் வாங்கினதும் எனக்கு ஒரு சேலை வாங்கிவந்தாள். மாம்பழ மஞ்சள். நான் அந்த நிறம் கட்டுவதே இல்லை. அன்றைக்கே கட்டிக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் நடந்ததைச் சொல்லவேண்டும். கல்லூரிக்குக் கிளம்பி இரண்டு தெரு தள்ளிப் போயிருப்பேன். ஒரு மாடி வீட்டு வாசலில் அவள் வேலை பார்க்கும் கடையின் வண்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். முதல் மாடிச் சன்ஷேடில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பெல்ட் போட்டு, அதன் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தாள். கயிறு எனக்கு முதலில் கண்ணில் படவே இல்லை. அந்தச் சன்ஷேடின் அகலம்தான் பட்டது.

கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் போலிருக்கிறது, எனக்குப் பழக்கமில்லை. நான் வேடிக்கை பார்க்க நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“பாருங்க, பொம்பளப் பிள்ள. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. ஆம்பளய அனுப்புங்கன்னு சொன்னேன், இத அனுப்பிருக்காங்க. பாவம், படிக்க வைக்க ஆளில்ல போல.”

“என் பொண்ணுதான்” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “பன்னெண்டாவதுல ஸ்கூல்லயே மூணாவது மார்க். நான் காலேஜ்ல புரொபசர்” என்று சத்தமாகவே சொன்னேன்.

மேலே ஸ்பானர் சத்தம் நின்றது. அவள் கீழே பார்த்தாள். மறுபடி வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா, “அப்படியா, அப்படியா? பொறவு ஏன் இதுக்கு வந்துச்சு?” என்றார். கேட்டதில் எந்தக் குற்றமும் இல்லை. நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அன்று முழுக்க வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. மார்க் ஒரு மனிதரின் எடை இல்லை என்று மேடையில் பேசியவள் நான். மகளைப் பாவம் என்று ஒருவர் சொன்னதும், என் கைக்கு முதலில் அகப்பட்டது மார்க்தான்.

சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஏறிப்போனேன். நாகமலைப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா மார்க்கச் சொன்ன?”

“தெரியலடி. வாயில வந்துருச்சு.”

“அந்தம்மா அதுக்கப்பறம் என்னய விடவே இல்ல. ஜூஸ் குடி, பாத்து எறங்கு, வீட்ல எதும் பிரச்சனையான்னு ஒரே விசாரணை. அதுவரைக்கும் மெக்கானிக்காத்தான் இருந்தேன்.”

கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்று இருந்ததை அப்போதுதான் கேட்டேன். “பாதிப் பேருக்குப் படிப்பு வேண்டாம்னு நான் பேசுனதாலதான் நீ காலேஜ் வேண்டாம்னு சொன்னியா? உண்மையச் சொல்லு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ பேசுறத நான் எப்பம்மா கேட்டேன்? நீ பேச ஆரம்பிச்சா அப்பாவே டிவி சத்தத்தக் கூட்டுவாரு.”

மூன்று வருடமாக ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் பேச்சால்தான் இவள் சன்ஷேடில் தொங்குகிறாள் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அது இல்லை என்றதும் நிம்மதி வரவேண்டும். வந்தது. கூடவே ஒரு வருத்தமும் வந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து பேசியிருக்கிறேன், ஒரு வார்த்தைகூடவா இவள் காதில் ஏறவில்லை?

“அப்ப ஏன் சேந்த?”

“பிடிச்சிருந்துச்சு.”

“இப்ப?”

துணியை மடித்துக்கொண்டே யோசித்தாள். “பாதி நாளு பிடிக்கிது. பாதி நாளு ஏன்டா வந்தோம்னு இருக்கு. ஒனக்கு ஒன் வேலை எப்படி?”

“அதேதான்” என்றேன்.

பிறகு அவளாகவே சொன்னாள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாமாம். கூட வேலை பார்க்கும் அண்ணன் சொன்னாராம். விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறாளாம். எனக்குள் ஏதோ துள்ளியது. அதை முகத்தில் காட்டிவிடக்கூடாது என்று கவனமாக இருந்தேன். “ஒன் இஷ்டம்” என்றேன். ராத்திரி சாப்பாட்டுக்குக் கேசரி கிண்டினேன். இவர் என்னையும் கேசரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எதுக்கு?” என்றார். “ரவை இருந்துச்சு” என்றேன்.

விண்ணப்பம் போட்டாள். ஜூன் மாதம் பாலிடெக்னிக்கிலிருந்து சேர்க்கைக்கு நேரில் வரச்சொல்லித் தகவல் வந்தது. காலையில் முதலில் ஒரு வீட்டில் வேலையை முடித்துவிட்டு அங்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் வரவேண்டாம் என்றும் சொன்னாள். நான் விடுப்புப் போட்டுவிட்டு, அவளுடைய சான்றிதழ்களை ஒரு பையில் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். நீளமான வராந்தா. பெஞ்சு முழுக்க அப்பாக்களும் அம்மாக்களும். பிள்ளைகள் சுவரோரம் நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தைப் பார்த்துத்தான் நான் கரித்துக்கொட்டுவேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தெற்குமாசி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய். மகனோடு வந்திருந்தார்.

“உங்களுக்கு மகனாம்மா, மகளா?”

“மகதான்.”

“எங்க, காணோம்?”

“வேலைல இருக்கா. வந்துருவா.”

“மாஷா அல்லாஹ், வேலைல இருக்கா? அப்பறம் எதுக்கும்மா இங்க?” ஆச்சரியமாகத்தான் கேட்டார். “இவன் ஒரு வேலைக்குப் போயிட்டா நான் ஏன் இங்க வந்து உக்காரப்போறேன்?”

“மேல படிச்சா நல்லதுதானே” என்றேன். என் காதுக்கே அது யாரோ சொன்னது மாதிரி இருந்தது. பாய் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, மரியாதைக்கு ஆட்டினாரா என்று தெரியவில்லை.

கைப்பேசி அடித்தது. பின்னால் சுவரைத் துளைக்கிற சத்தம்.

“அம்மா, இங்க வேலை முடியல. பழைய செவுரு, உதுந்துக்கிட்டே இருக்கு. வீட்ல ஒடம்புக்கு முடியாத தாத்தா படுத்திருக்காரு, இந்த வெக்கைல விட்டுட்டு வர முடியாது. நான் இன்னைக்கி வரல.”

“இன்னைக்கி விட்டா எடம் போயிரும்டி.”

“தெரியும்மா.”

“நான் இங்கதான் இருக்கேன். சர்ட்டிபிகேட் எல்லாம் கொண்டாந்துருக்கேன். கொஞ்ச நேரம் கேட்டுப் பாக்குறேன், நீ ஆட்டோ பிடிச்சு…”

துளைக்கிற சத்தம் நின்றது. “நீ அங்கயா இருக்க?” என்றாள். கோபம் இல்லை. “நான்தான் வரவேணாம்னேன்ல? சரி, சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போ. வச்சிர்றேன்.”

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன். வாசலில் நின்ற அலுவலர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “பிள்ள வரலையா?”

“வரலங்க.”

“வராதா, லேட்டா வருமா? அதச் சொல்லுங்க.”

உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் ஒருவேளை மாலைவரை பொறுப்பார். அவள் கையெழுத்துகூட எனக்குப் போட வரும். ஒரு நிமிடம் எல்லாம் மனதில் ஓடியது. அவள் வாழ்க்கை, அவள் முடிவு என்று நினைத்தேன். ஒரு தாத்தாவின் வெக்கைக்காக ஒரு வருடத்தை விடுவது பொறுப்பா, பொறுப்பில்லாத்தனமா என்றும் நினைத்தேன். வேலையை நட்டநடுவில் விட்டுவிட்டு ஓடிவருகிறவளாக இருந்தால் எனக்குப் பிடித்திருக்குமா? வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

“வராது” என்றேன்.

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பாய் என் பையை நகர்த்திவைத்து, மகனோடு எழுந்து போனார். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அவள்மேல் கோபமாக இருந்தது. வந்திருக்கக்கூடாதோ என்று என்மேலும் இருந்தது. அந்தத் தாத்தாவுக்கு இந்நேரம் ஏசி ஓட ஆரம்பித்திருக்குமா என்று கேட்கலாம்போல இருந்தது. கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை.